அப்பா தைத்த நீலக் கோட்டு

குடியரசு தினத்தன்று யாராவது மிட்டாய் நீட்டினால் நான் வாங்க மாட்டேன். இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். அரசியல் சட்டத்தைச் சபையில் ஏற்றுக்கொண்ட கதையை அந்த வருஷம் குடியரசு தின விழாவில் நாடகமாகப் போட்டார்கள். சட்டத்தை எழுதியவர் எழுந்து பேசும் வேடம்தான் பெரியது. அந்த நீள வசனத்தை வகுப்பில் முழுதாக ஒப்பித்தவன் நான் ஒருவன்தான். புதிதாக வந்த டீச்சர், "சரி, நீயே பண்ணு. நீலக் கோட்டு மட்டும் கொண்டு வந்துடு" என்றார்.

அப்பா ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில், கார்கானா என்போம், தையல்காரர். மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, லீவு நாளில் உட்கார்ந்து தைத்தார். தோள்பட்டை சரியாக வரவில்லையென்று பிரித்துப் பிரித்துத் தைத்தார். "கல்யாணக் கோட்டுகூட இப்படித் தைக்க மாட்டாவ" என்று அம்மா கேலி செய்தாள்.

விழாவுக்கு முந்தின நாள், கோட்டை வாங்கிக்கொண்ட டீச்சர் என் வீடு எந்தச் சந்தில் என்று கேட்டார். சொன்னேன். தாராவியில் சந்தைச் சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும்.

"கான்ட்ராக்டர் பையனுக்குத்தான் கோட்டு எடுப்பா இருக்கும். நீ மக்கள்ல போய் உக்காரு."

கான்ட்ராக்டர் பையன் எங்கள் வகுப்புதான், மேல்சாதி. மக்கள் என்றால் மேடை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். வீட்டில் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அப்பா கார்கானாவில் லீவு சொல்லிவிட்டு விழாவுக்கு வந்திருந்தார். தான் தைத்த கோட்டுக்குள் வேறு பையன் நிற்பதைப் பார்த்ததும் நேராக மேடைக்கு வந்தார்.

"டீச்சர், எம்பிள்ள பேசுவாம்னுல்லா சொன்னிய?"

"யார் பேசினா என்னங்க? எல்லாரும் சமம்னுதானே சட்டமே சொல்லுது."

"அப்ப எம்பிள்ளயே பேசட்டும்."

முன்வரிசையில் கான்ட்ராக்டர் சிரித்தார். "ஏலே டெய்லர், ஒரு கோட்டுக்கா இந்தக் கூத்து? வெலயச் சொல்லு, தாரேன்."

"கோட்டு கெடக்கட்டும் மொதலாளி, ஒங்க பிள்ளையே போடட்டும். எம்பிள்ள கீழ உக்காந்து கைதட்ட மாட்டான்."

என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். பின்னால் ஒரே சிரிப்பு. நான் வெட்கத்தில் அழுதேன். கோட்டுக்காகச் சண்டை போட்டவர் கோட்டை அங்கேயே விட்டுவிட்டு என்னை இழுத்து வருகிறாரே, இவருக்கு மூளை இருக்கிறதா என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டினேன்.

சட்டத்தை எழுதியவரையும் பள்ளிக்கூடத்தில் சாதி சொல்லித் தனியே உட்காரவைத்தார்கள் என்று அப்போது எனக்கு யாரும் சொன்னதில்லை. டீச்சருக்குத் தெரியும். கான்ட்ராக்டருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தார்கள். ஊசி பிடித்த அப்பாவுக்கும் தெரியும். ஒன்றும் தெரியாமல் நின்று அழுதவன் நான் ஒருவன்தான்.