வெள்ளையில் வெள்ளை எழுத்து

ஞானதுரைக்கு இப்போதும் ஈரமான வெள்ளைத் துணியைக் கண்டால் குமட்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாதியில் எழுந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் மறைக்க மாட்டார். நம்புங்கள் என்று கெஞ்சவும் மாட்டார். "பட்டப்பகல்ல நடந்தது. ரோட்டுல பஸ் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் தூங்கல, குடிக்கல," என்பார். அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1999. ஆடி மாதம். ராஜபாளையத்தில் தென்காசி சாலையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார் ஞானதுரை. ஊரில் இன்டர்நெட் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. சுந்தரபாண்டியன் என்ற மில் முதலாளிக்கு அவர் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தார். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற மில். வெப்சைட் என்றால் ஒரே ஒரு பக்கம்தான். மில்லின் பெயர், விலாசம், துணி வெளுக்கும் தொட்டியின் போட்டோ. அவ்வளவே.

ஒரு நாள் காலையில் முதலாளியே மாடியேறி வந்தார்.

"தம்பி, ஜெர்மனிக்காரன் போன் போட்டான். மில்லு பேரப் போட்டுத் தேடுனா ஒண்ணுமே வரலங்கான். இப்படி ஒரு மில்லு நெசமாவே இருக்கான்னு கேக்கான். வர்ற வாரம் ஆர்டர் முடிவாகணும்."

"பாக்கேன் அண்ணாச்சி."

"பாக்கேன்னா ஆகாது. இது கெட்டுச்சுன்னா இந்த ஊர்ல உனக்கு வேற எவனும் வேலை தரமாட்டான்."

அவர் போனதும் ஞானதுரை உட்கார்ந்தார். மோடம் கீச்சிட்டுக் கத்தி லைன் கிடைத்தது. தேடும் தளத்தில் மில்லின் பெயரை அடித்தார். எதுவும் இல்லை என்று வந்தது. வத்திராயிருப்பு மாந்தோப்புக்காரர் ஒருவருக்குச் செய்த பக்கத்தைத் தேடினார். உடனே வந்தது. இரண்டையும் ஒரே மாதிரிதான் செய்திருந்தார். ஒரே மாதத்தில்தான் தேடும் தளத்தில் பதிந்திருந்தார்.

மில்லின் பக்கத்தை நேராகத் திறந்தார். வருவதற்கு வெகுநேரம் எடுத்தது. ஒரு போட்டோவுக்கு எதற்கு இவ்வளவு நேரம்?

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

அது அவருக்குத் தெரிந்த நாற்றம். அவருடைய அப்பா சர்க்கரை வியாதியில் கால் அழுகிக் கிடந்தபோது கட்டு மாற்றியது ஞானதுரைதான். ஊறிப்போன கட்டைப் பிரித்தால் குப்பென்று வருமே, அது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. நிமிர்ந்து திரைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோனார். ஓங்கரித்துக்கொண்டு வந்தது. நாற்றம் அங்கிருந்துதான்.

பக்கம் திறந்திருந்தது. போட்டோவுக்குக் கீழே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வெறும் வெள்ளை. கீழே இழுத்தார். வெள்ளை. இன்னும் இழுத்தார். விரித்துப் போட்ட துணி மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது.

தேடும் தளத்தின் விதிகளை ஒருமுறை படித்தார். அதில் ஒரு வரி இருந்தது. தளத்தை ஏமாற்றுவதற்காக, பின்னணியின் நிறத்திலேயே எழுத்துகளை ஒளித்து வைக்கும் பக்கங்களைத் தள்ளிவிடுவோம்.

நான் எதையும் ஒளிக்கவில்லையே...

மவுஸை அழுத்திப் பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்தார். வெள்ளை நீலமானது. நீலத்துக்குள் எழுத்துகள் எழுந்தன.

ஆங்கில எழுத்துகள். தமிழ்ச் சொற்கள். ஒரே வரி. மேலிருந்து கீழ்வரை அதே வரி.

வாயில இருக்க துணிய எடு.
வாயில இருக்க துணிய எடு.
வாயில இருக்க துணிய எடு...

எவனோ விளையாடியிருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதலில் செய்த பக்கம் ஒரு ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது. அதை மறுபடி ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஃபிளாப்பியைச் செருகினார்.

கிர்ர்... கிர்ர்...

படிக்கவில்லை. பட்டனை அழுத்தினார். ஃபிளாப்பி வெளியே வந்தது. அதன் ஓரத்தில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளை நூல். பிடித்து இழுத்தார்.

நூல் இல்லை. துணி. சன்னமான பேண்டேஜ் துணி. ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. எச்சில் மாதிரி ஏதோ கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்தது. மஞ்சளாக. நீளமான தலைமுடி ஒன்று அதில் சுற்றியிருந்தது.

கையை உதறினார். ஒட்டிக்கொண்டது. விடுபட இன்னும் இழுத்தார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

ஹக்...

இழுத்தார்.

ஹக்... ஹக்...

தொண்டை.

விட்டுவிட்டார்.

ஒரு விழுங்கு. துணி உள்ளே போனது.

ஞானதுரை வாசல்படியில் வாந்தியெடுத்தார். கீழே டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் கொழகொழத்தது.

மதியமே மில்லுக்குப் போனார். நாற்றத்தையும் துணியையும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்கள். பக்கத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது, அதனால்தான் தேடினால் வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

"என்ன வரி?"

சொன்னார்.

முதலாளி கோபப்படவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்தவர் குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளத்தாய் வீட்டாளுக யாரும் உங்கிட்ட வந்தாகளா?"

"எந்த வெள்ளத்தாய் அண்ணாச்சி?"

முதலாளியின் முகம் செத்துப்போனது. "ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்த எடுத்துப்புடு. ஆர்டரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

ஞானதுரை எடுத்துவிட்டார். கம்ப்யூட்டரை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டார். ஆனால் அந்தப் பெயர் அவரை விடவில்லை. மில் வாசல் டீக்கடையில் விசாரித்தார். தொட்டியில் துணி வெளுத்தவள் வெள்ளத்தாய். எண்பத்தேழில் தொட்டிக்குள்ளேயே தவறி விழுந்து செத்துப்போனாள் என்றார்கள். அவளுடைய அக்கா அங்காளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிறாள் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் காலை அங்கே போய்க் கண்டுபிடித்தார். ஒல்லியான அம்மாள். அந்த வரியை மட்டும் சொன்னார். அங்காளம்மாள் கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள்.

"ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. எழுதியிருந்துச்சு."

"அவளுக்கு எழுதத் தெரியாதே. கைநாட்டுல்லா."

முந்தானையில் விரல்களைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு குனிந்தபடி சொன்னாள்.

"வழுக்கி விழுந்துட்டான்னாக. குளிப்பாட்டும்போதுதான் பாத்தேன். வாய் நெறயா மில்லுத் துணி. இழுத்தேன். வந்துக்கிட்டே இருந்துச்சு. கூட நின்ன பொம்பளைக வாந்தியெடுத்துக்கிட்டு ஓடிட்டாளுக. வெளிய முதலாளி ஆளுக, சீக்கிரம் தூக்கு, சீக்கிரம் தூக்குன்னு நிக்காக. எனக்குப் பயம். அருவருப்பு வேற. எம்புட்டு இழுத்தும் முடியல."

"பொறவு?"

"கத்திரிய வச்சு, ஒதட்டுக்கு வெளிய இருந்த துணிய மட்டும் வெட்டுனேன். மிச்சத்த உள்ள தள்ளி, வாய மூடிப் பொதச்சுட்டோம்."