ஏழாம் விதியை எழுதிய கை

ஞானசேகரன் சார் காலமான செய்தி எனக்கு நேராக வரவில்லை. தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியேறி ஆறு வருடங்கள் ஆகின்றன. மனைவிதான் தன் போனை நீட்டினாள். "பாருங்க, உங்க சார்."

வளைகுடாவில், முவைலா என்ற ஊரில், ஒரே பள்ளியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தோம். நான் இயற்பியல், அவர் வரலாறு. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் மீது அவருக்குத் தீராத பிடிப்பு. எல்லோரும் சமம் என்று எழுதிய அந்த மனிதர் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்ததையும் மாணவர்களிடம் மறைக்க மாட்டார்.

"வேஷதாரி" என்பேன் நான்.

"எழுதினது ஒரு கை, அடிமைய வாங்கினது இன்னொரு கைன்னு நெனைக்கீரா? ரெண்டும் ஒரே கைதான்வே. பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லணும்" என்பார்.

பிறகு அவரே முன்னின்று சங்கத்தைத் தொடங்கினார். விதிகளையும் அவரே எழுதினார். முதல் விதி, தமிழர் அனைவரும் சமம். ஏழாம் விதி, குடும்ப விசா உள்ளவர்களுக்கே வாக்கு. ராஸ் அல் கைமா டைல்ஸ் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்து, பொங்கல் விழாவில் எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு வாக்கு இல்லை.

கூட்டத்தில் எழுந்து ஏன் என்று கேட்டேன். "அவங்க ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிருவாங்கவே. நிலையா இருக்கவன் கையிலதான் சங்கம் இருக்கணும்" என்றார்.

"இதையும் அதே கைதானே சார் எழுதிச்சு?"

அவர் முகம் வெளுத்தது. அன்றோடு பேச்சு நின்றது. நான் வேறு பள்ளிக்கு மாறிக்கொண்டேன். அவரைப் பற்றி யார் கேட்டாலும் ஏழாம் விதியைத்தான் சொல்லி வந்தேன்.

உடலை விமானத்துக்கு அனுப்புமுன் பார்க்க அனுமதித்தார்கள். சங்கத்தார் முன்னால் நின்றார்கள். பின்னால் கம்பெனி யூனிஃபார்மோடு இருபது பேர். அவர்களில் முருகேசன் என்பவரிடம், "உங்களுக்கு ஓட்டே தராத மனுஷனுக்கா லீவு போட்டு வந்தீங்க?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது தப்புதான் சார். அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கோம். ஆனா எங்க ரூம்ல ஒருத்தன் செத்தப்ப, எட்டு நாள் அலைஞ்சு பாடிய ஊருக்கு அனுப்புனது இவருதான். லீவு நாளானா கேம்ப்புக்கு வந்துருவாரு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு சார்? கேம்ப் பக்கம் பாத்ததே இல்லையே?"

ஆறு வருடமாக இவர்களுக்காகக் கோபப்பட்டவன் என்று எப்படிச் சொல்வது?

அந்த இருபது பேரையும் முன்னால் போகவிட்டுக் கடைசியாகப் போனேன். முகம் மட்டும் தெரிந்தது. கைகள் வெள்ளைத் துணிக்குள் இருந்தன.

சார், ஏழாம் விதி தவறு. இன்றும் அதையே சொல்கிறேன். இல்லைவே என்று சொல்ல நீங்கள் இல்லையே. போய் வாருங்கள்.