நட்ட நடுவில் ஒரு குச்சி

தெருவில் எல்லோரும் அவளைத் திருப்புளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் பழுதுபார்க்கும் பட்டறை தொடங்கிய புதிதில் அவள் சட்டைப் பையில் எந்நேரமும் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி ஒன்று செருகியிருக்கும், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் ஒன்பது வருடம் கார் கம்பெனியில் வேலை. வண்டி நகர்ந்து வரும். தலைக்கு மேல் தொங்கும் மின்சாரத் துப்பாக்கியை இழுத்து, ஒரு வண்டிக்குப் பதினான்கு போல்ட் முடுக்க வேண்டும். ஐம்பத்தைந்து நொடிக்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும்.

ஆரம்பத்தில் அவளுக்கும் எரிச்சல்தான். எந்தக் கடையிலும் கிடைக்கிற கூட்டல் குறி ஸ்க்ரூவை விட்டுவிட்டு, எதற்கு இந்த நட்சத்திரத் தலை? முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. கூட்டல் குறியில் துப்பாக்கி வேகமாகச் சுற்றினால் முனை வழுக்கும், பள்ளம் தேய்ந்துபோகும். ஆறு முனை நட்சத்திரமோ கப்பென்று கவ்விக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக்கைத் தெரியாதவர் நோண்டினால் முகத்திலேயே வெடிக்கும். அங்கே ஊரில் இல்லாத போல்ட் வைத்ததும் நியாயம்தான். பின்னாளில் மற்ற பட்டறைக்காரர்கள் கம்பெனிகளைத் திட்டும்போதெல்லாம் அவள்தான் பரிந்து பேசுவாள். "காரணம் இல்லாம வெக்க மாட்டாங்கப்பா. நான் உள்ள இருந்து பாத்தவ."

அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது ஒரு முகப்பு விளக்கு.

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள், திருப்புளியக்கா முன்பு வேலை பார்த்த கம்பெனியின் கார்தான். இடது விளக்கு எரியவில்லை. சாயங்காலம் மூன்று வீடு போக வேண்டும்.

"ஒரு பல்புதானே சிஸ்டர், உக்காருங்க. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாட்டித் தரேன்."

மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பல்பைத் தொட வேண்டுமானால் விளக்கையே கழற்ற வேண்டும். விளக்கைப் பிடித்திருந்தவை மூன்று போல்ட்கள். ஐந்து முனைப் பள்ளம், அதன் நட்ட நடுவில் ஊசி போல ஒரு குச்சி. அவளிடம் இருந்த எழுபது முனைகளில் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. நர்ஸ் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டாள்.

நர்ஸையும் கூட்டிக்கொண்டு திருப்புளியக்கா நேரே கம்பெனி ஷோரூமுக்குப் போனாள். குளுகுளு அறை, கண்ணாடி மேசை, டை கட்டிய சர்வீஸ் மேனேஜர்.

"அந்தக் கருவி வெளிய விக்கறதில்ல மேடம். வண்டியை விட்டுட்டுப் போங்க. பன்னண்டு நாள் கழிச்சு டேட் தரேன்."

"பல்பு மாத்தப் பன்னண்டு நாளா?"

"அது செக்யூரிட்டி போல்ட். விளக்கு திருட்டு ஜாஸ்தி."

"திருடறவன் கம்பியை விட்டு நெம்பிட்டுப் போவான் சார். போல்ட்டை அலுங்காம கழட்டி எடுத்து வெச்சிட்டா போவான்? கழட்டணும்னு நெனக்கறவ வண்டிக்குச் சொந்தக்காரிதான். அவங்க உங்க முன்னால உக்காந்திருக்காங்க."

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகவில்லை. "அசெம்ப்ளில மெஷினுக்கு இந்த டிசைன்தான் ஒத்துவரும் மேடம். டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

அவள் எழுந்து நின்றாள். பக்கத்தில் காத்திருந்தவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"அந்த மெஷினை ஒம்பது வருஷம் பிடிச்ச கை இது. ஆறு முனை இருந்தா மெஷினுக்குப் போதும். நடுவுல நிக்குதே ஒரு குச்சி, அது மெஷினுக்கு இல்ல. எனக்கு! நான் தொறக்கக் கூடாதுன்னு வெச்சது. அதை அப்படியே சொல்லிட்டுப் போங்களேன். பாதுகாப்பு, டெக்னிக்கல்னு ஏன் சப்பைக்கட்டு கட்டறீங்க?"

மேனேஜர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் கொதிப்பு அடங்கவில்லை. பாத்திரங்கள் சத்தம் போட்டன. அவள் கணவர் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் பிறர் பற்களோடு குடித்தனம் நடத்துவதால் பேச்சு குறைவு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"குழிக்கு ஏத்த முனைதானே வேணும்? எங்களுக்குத் தினமும் அதே பொழப்புதானே."

மறுநாள் காலை பட்டறைக்கு வந்து, நர்ஸ் அங்கேயே விட்டுப் போயிருந்த வண்டியின் போல்ட் மேல் குனிந்தார். "வாயை நல்லாத் தொறங்க" என்று அதனிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, இளக்கிய மெழுகைப் பள்ளத்தில் அழுத்தினார். ஆறியதும் உருவினால், ஐந்து முனையும் நடுவில் குச்சிக்கான ஓட்டையுமாக அச்சு அசலாக வந்தது. பின்புறத்தில் ஸ்பேனர் பிடிக்க ஒரு கட்டை சேர்த்து, பல் செட்டுக்குக் கம்பி வார்க்கும் உலோகத்தில் வார்த்தார். முதலாவது தொளதொளவென்று ஆடியது. இரண்டாவது இறுக உட்கார்ந்தது.

மூன்று போல்ட்டும் கழன்றன. பல்பு மாற்ற நாலு நிமிடம். அந்த நாலு நிமிட வேலைக்கு இரண்டு நாள் நாயாய் அலைந்திருந்தாள். பழைய போல்ட்களை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, சாதாரண ஆறுபட்டை போல்ட்களைப் பூட்டி அனுப்பினாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் அவளும் மறந்திருப்பாள். இரண்டு மாதம் கழித்து அந்த வண்டியின் கியர் பெட்டி கெட்டது. விளக்கில் வேறு போல்ட் இருப்பதைப் பார்த்த ஷோரூம்காரர்கள், வெளியாள் கை வைத்த வண்டிக்கு உத்தரவாதம் செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் அந்தக் காகிதத்தோடு வந்து அழுதாள். நோயாளி வீடுகளுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள்.

"விளக்குப் போல்ட்டுக்கும் கியர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? அழாதீங்க சிஸ்டர். நானும் வரேன், கேஸ் போடுங்க."

நுகர்வோர் நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் எகத்தாளமாகக் கேட்டார்: "இந்த மாடல் வண்டியப் பத்திப் பேச உங்களுக்கு என்னம்மா தகுதி?"

"இதுக்கு முந்தின மாடலை ரெண்டு லட்சத்துக்கு மேல என் கையால பூட்டியிருக்கேன் ஐயா. அதுல இதே விளக்கு, இதே இடம். அப்போ குச்சி இல்ல. இப்போ எதுக்கு வந்துதுன்னு உங்க இன்ஜினியரைக் கேளுங்க."

நீதிபதி கேட்டார். கம்பெனி இன்ஜினியர் கோப்பைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், மேலிடத்து முடிவு என்றார்.

எட்டு மாதம் இழுத்துத் தீர்ப்பு வந்தது. உத்தரவாதம் செல்லும், கியர் பெட்டியைக் கம்பெனி சரிசெய்து தர வேண்டும். ஆனால் எந்தப் போல்ட் வைப்பது, கருவியை யாருக்கு விற்பது என்பதெல்லாம் கம்பெனியின் விருப்பம். நர்ஸ் சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டாள். தெருக்காரர்கள் ஜெயித்துவிட்டாய் என்றார்கள்.

"எங்க ஜெயிச்சேன்? சிஸ்டர் தன் வண்டியைத் தானே ஓட்டறதுக்கு எட்டு மாசம். குச்சி அங்கேயேதான் நிக்குது."

அந்த வாரமே கணவரை உட்காரவைத்து இருபத்தைந்து முனைகள் வார்க்கச் சொன்னாள். பிறகு ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஊரிலுள்ள பட்டறைகளுக்கெல்லாம் தானே நடந்து போய் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வந்தாள்.