போட்டோவைப் பார்த்துப் போட்ட கையெழுத்து

லாரிக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிற பிழைப்பு என்னுடையது. ஐம்பத்தாறு வயதில் படுப்பது சுலபம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. லாரியின் அடிச்சட்டமான சேசிஸை நீட்டியவர்கள், தகடு வைத்துப் பலப்படுத்தியவர்கள், டிரெய்லரில் இன்னொரு அச்சு சேர்த்தவர்கள் எல்லோருக்கும் நான் வந்து பார்த்து, "தாங்கும்" என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இருந்தால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேப்பர் நகரும்.

மரக்காணம் உப்பு லாரி என்றாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். ஈர உப்பை அள்ளிக் கொட்டுவார்கள், வழி முழுக்கச் சொட்டிக்கொண்டே போகும். வேறு ஊரில் வருஷக்கணக்கில் உழைக்கிற சேசிஸ் இங்கே சீக்கிரமே அப்பளமாகிவிடும். அதனால் சேசிஸின் நீளத் தண்டுக்கு உள்பக்கமாக ஒரு தகடு வைத்து போல்ட் போட்டு முறுக்குவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் உப்பு மாட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

எனவே தகட்டை வைத்து மூடுவதற்கு முன்னால் எனக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது என் கண்டிப்பு. விரலால் இரும்பைத் தேய்த்து நாக்கில் வைப்பேன். கரித்தால், மறுபடி கழுவச் சொல்வேன். "சாரு லாரிய நக்கிப் பாத்துதான் பாஸ் பண்ணுவாரு" என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஒரே ஒரு லாரியைத்தான் நான் நக்கிப் பார்க்கவில்லை.

அது அனுமந்தை ஊர்க்காரர் ஒருவருடைய வண்டி, அவரே டிரைவர். அவர் மனைவி உப்பளத்தில் லோடு ஏற்றுகிறவர். தினமும் அந்த லாரி கேபினில்தான் போய் வருவார், கூட நாலு பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். தகடு மூடுகிற அன்று காலை என் முட்டி வீங்கிக் கிடந்தது. முந்தின நாள் நான்கு வண்டிகளுக்கு அடியில் புரண்டிருந்தேன். சீ, என்ன ஜென்மம் என்று இருந்தது. படுத்தபடியே அவருக்குப் போன் போட்டேன்.

"கழுவிட்டீங்களா?"

"அளத்துலயே நல்லா கழுவிட்டுத்தான் சார் பட்டறைக்கு ஓட்டியாந்தேன்."

"சரி, போட்டோ அனுப்புங்க. மூடிடுங்க."

போட்டோவில் இரும்பு பளிச்சென்று இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

ஏழெட்டு மாதம் போயிற்று. சீசன் முடியப்போகிற நேரம், ஆவணி வெயில். ஒரு டிரெய்லரைப் பார்க்க அளத்துக்குப் போனபோது அந்த லாரி லோடுக்கு நின்றிருந்தது. தகட்டின் போல்ட் தலைகளுக்குக் கீழே பழுப்பாகக் கோடு கோடாக வழிந்திருந்தது. முட்டியாவது ஒன்றாவது, அப்படியே அடியில் புகுந்தேன். சுத்தியலால் தட்டினால் ணங் என்று கேட்க வேண்டியது சொத்தென்று கேட்டது. உள்ளே துரு உப்பித் தகட்டைத் தள்ளியதில் இரண்டு போல்ட்டுகள் அறுந்திருந்தன. தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

"அன்னிக்கு எந்தத் தண்ணில கழுவினீங்க?" அடியிலிருந்தே கத்தினேன்.

டிரைவர் குனிந்து பார்த்தார். "இதோ, இந்த மோட்டார் தண்ணிதான் சார். நல்லா ஃபோர்ஸா மூணு வாட்டி அடிச்சோம்."

அது உப்புப் பாத்திக்குப் பாய்ச்சுகிற தண்ணீர். எந்தத் தண்ணீரைக் காயவைத்து உப்பு எடுக்கிறார்களோ அதே தண்ணீரில் உப்பைக் கழுவியிருக்கிறார்கள்! அவரை நொந்து என்ன பயன்? இங்கே கை, கால், கூடை, மண்வெட்டி எல்லாம் அதில்தான் கழுவுகிறார்கள். சேறு போனால் சுத்தம். நேரில் போயிருந்தால் எனக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

வெளியே வந்து நிமிரவே நேரம் பிடித்தது. பாதி லோடு ஏறியிருந்தது.

"லோட இறக்கச் சொல்லுங்க. இந்த வண்டி இனிமே ஒரு அடி நகரக் கூடாது. சேசிஸ் விரிசல் விட்டிருக்குது."

"இன்னா சார் சொல்றீங்க? நீங்கதான பாஸ் பண்ணீங்க?"

பட்டறைக்காரன் மேல் பழியைப் போடலாம், இரும்பு மட்டம் என்று சொல்லலாம். வாய்வரை வந்ததுதான். அவர் மனைவி தலையில் உப்புக் கூடையோடு பக்கத்தில் வந்து நின்றதும் எதுவும் வரவில்லை.

"நான் நேர்ல பாக்கல. போட்டோவ பாத்துப் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அந்த அம்மாள் கூடையை மெல்ல இறக்கி வைத்தார். "இத்தினி நாளா நாங்க இதுலதான போய்ட்டு வந்தோம்?" என்று கணவரைக் கேட்டார், என்னை அல்ல. அவர் குனிந்து அந்த விரிசலை எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"டவுன்ல ஒருத்தரு வண்டியப் பாக்காமயே போட்டுத் தரேன்னாரு சார். இவ உக்காந்து வர்ற வண்டியாச்சே, வாணாம்னுட்டேன். நீங்க பாக்காம போட மாட்டீங்கன்னுதான் உங்களாண்ட வந்தேன்."