தன்னையே விசாரிக்க வந்த ஏட்டையா

ஓமந்தூர்ப் பக்கத்துச் சவுரியம்மாள் சைக்கிள் மணியை அடித்தால் மயிலம் மலைமேல் இருக்கிற மயிலெல்லாம் ஒதுங்கி வழிவிடும். நம்பாதவர்கள் மயில்களையே போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நிறைந்த கூடையைக் கேரியரில் கட்டி, திண்டிவனத்துப் பள்ளிக்கூட வாசல்களுக்கு அவள் மிதிக்கிற மிதியில் லாரிக்காரர்களே அசந்துபோவார்கள்.

1996 ஆனி மாதம் ஏட்டையா கோதண்டபாணி அவளை வழிமறித்தார்.

"அவசர டூட்டிம்மா. சைக்கிளை ஒரு மணி நேரத்துல திருப்பிக் குடுத்துடறேன்."

அந்த ஒரு மணி நேரம் எட்டு மாதத்துக்கு நீண்டது. ஸ்டேஷனுக்கு டீ வாங்க, ஏட்டையா மகளை டியூஷனில் விட, எல்லாவற்றுக்கும் அதே சைக்கிள். கூடையைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் விடவில்லை, வியாபாரம் படுத்தது. கேட்கப் போனால், "ரசீது இருக்கா? திருட்டு சைக்கிளோ என்னவோ" என்று மிரட்டல் வேறு.

எட்டாவது வரை படித்தவள் சும்மா இருப்பாளா? தானே மனு எழுதி, விழுப்புரத்துப் பெரிய போலீஸ் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். மனு அங்கிருந்து டி.எஸ்.பி.க்கு, அவரிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு, அவரிடமிருந்து எஸ்.ஐ.க்கு என்று படிப்படியாக இறங்கியது. எஸ்.ஐ. பங்குனித் தேருக்குப் பந்தோபஸ்து போயிருந்தார். ஆகவே 'விசாரித்து அறிக்கை தரவும்' என்று அது கடைசியாக வந்து விழுந்த மேஜை, கோதண்டபாணியுடையது.

மறுநாள் சவுரியம்மாள் வீட்டு வாசலில் வந்து இறங்கி, ஸ்டாண்டு போட்டார். எட்டு மாதப் பழக்கம். எதில் ஏறி வந்தோம் என்ற நினைப்பே மனிதருக்கு இல்லை.

"உன் மனுவை விசாரிக்க வந்திருக்கேன்."

அவள் சிரிப்பை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு நாற்காலி போட்டாள்.

"எழுதிக்கோங்க ஏட்டையா. எடுத்துக்கினு போனவரு பேரு கோதண்டபாணி."

"மேற்படி காவலர்னு போட்டா போதும்."

"பேரையே போடுங்க. ஆளு கொஞ்சம் தொந்தி."

"அது எதுக்கும்மா?"

"அடையாளம் வேணாமா? வேற யாரையாவது புடிச்சிடப் போறாங்க. சைக்கிள் இப்ப எங்க இருக்குதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"எங்க?" பேனாவோடு நிமிர்ந்தார்.

"உங்களுக்குப் பின்னால."

திரும்பினார். அதன் கேரியரில் அவள் புருஷன் அந்தோணிசாமி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா..." என்றார் ஏட்டையா. அம்மா அக்காவானது அப்போதுதான். "சமாதானமாப் போயிட்டோம்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க, போடறேன்."

எழுதவில்லை. ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெயிலில் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது: 'சைக்கிள் மனுதாரர் வசமே இருப்பதால் மனு முடித்துவைக்கப்பட்டது.'

"சைக்கிள்தான் வந்துடுச்சே. இன்னும் ஏண்டி பேஜாரு?" என்றான் அந்தோணிசாமி.

"வந்தது சரிய்யா. எப்பிடிப் போச்சுன்னு எவனும் எழுதலையே!"

மறுபடி மனு. மறுபடி பதில். ஐந்தாவது மனுவை ஒரு அதிகாரி கீழே அனுப்பாமல் தானே வைத்துக்கொண்டு, இருவரையும் விழுப்புரத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார். "எடுத்தது நான்தான்" என்று கோதண்டபாணி தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார், அவருக்கு மெமோ கிடைத்தது. அன்று மனுக்காரர்களோடு வரிசையில் காத்திருந்த நேரத்தில், சவுரியம்மாள் கொண்டுபோயிருந்த மல்லாட்டைக் கூடையும் விற்றுக் காலியாகிவிட்டது. அடுத்த வாரம் மனுவே இல்லாமல் அவள் கூடையோடு விழுப்புரம் போனாள்.