முப்பத்திரண்டின் ஒன்பதாம் மடங்கு

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்வது, முன் இருக்கையின் உறையில் ஏதாவது ஒரு பூவின் மீது ஆள்காட்டி விரலை வைப்பதுதான். பொத்தாம்பொதுவாகப் பூவின் மீது அல்ல. காம்பு இலையைத் தொடுகிற முனை, இதழோரத்தில் ஒரு சின்ன மடிப்பு, அப்படிக் குறிப்பாக ஓர் இடம். அங்கிருந்து விரல் மெல்லக் கீழே இறங்கும். அதே பூவின் அதே மடிப்பு மறுபடி வருகிற இடத்தில் நிற்கும். கண் லேசாகச் சுருங்கும். "பதினெட்டு" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வார். அப்புறம் முப்பத்தாறு, ஐம்பத்து நாலு, எழுபத்திரண்டு என்று இறங்கும் இடம் வரும்வரை போய்க்கொண்டே இருக்கும். முடிவெட்டும் கடையில் கழுத்தில் கட்டுகிற துணி, ஆஸ்பத்திரித் தரை, மகளின் போர்வை, எதுவும் அந்த விரலுக்குத் தப்பியதில்லை. போர்வை மேல் விரல் நகர்வதைப் பார்த்தால் மனைவி தட்டிவிடுவாள்.

"பாத்துங்க, உள்ள புள்ள இருக்கு. வெட்டிராதீங்க."

மாமனாரின் திரைச்சீலைக் கடையில் அவருக்குப் பதினான்கு வருடமாகத் துணி வெட்டுகிற வேலை. கடைப்பிள்ளைகள் வைத்த பெயர் வாய்ப்பாட்டார். மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஆண்பிள்ளை கிடையாது. ஆக, கடைக்கு இரண்டு மாப்பிள்ளைகள். வாய்ப்பாட்டார் பெரிய மாப்பிள்ளை.

அவருடைய வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். ஒரு ஜன்னலுக்கு இருநூறு சென்டிமீட்டர் நீளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அகலமான ஜன்னல், நாலு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துத் தைக்க வேண்டும். துணியில் பூ அறுபதுக்கு ஒரு தரம் வருகிறது. சரியாக இருநூறில் வெட்டினால் இரண்டாவது துண்டு பூவின் வயிற்றில் தொடங்கும். சேர்த்துத் தைத்தால் இந்தப் பக்கத்துப் பூவுக்கு நேராக அந்தப் பக்கத்துக் காம்பு வந்து நிற்கும். அதனால் கத்திரி அறுபதின் மடங்குகளில் மட்டும்தான் இறங்கலாம். அறுபது, நூற்றிருபது, நூற்றெண்பது. நூற்றெண்பது எட்டாது. அடுத்தது இருநூற்று நாற்பது, அங்கேதான் வெட்டு. நாற்பது வீண். வாங்க வருகிறவர்களுக்கு இது புரியாது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்கு நிற்பார்கள்.

"ஜன்னல் உங்களோடதும்மா. பூ மில்லோடது" என்பார் வாய்ப்பாட்டார். "அது அறுபதுல பூக்கும், நூத்தி இருபதுல பூக்கும். உங்களுக்காக இருநூறுல பூக்கச் சொன்னா பூக்காது."

வந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கவைக்கத் தெரிந்தவன் பின்னால் வந்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்தவன் அவருடைய சகலை. வெள்ளைப் பல் வரிசை, ஒன்றுகூடக் கோணல் இல்லை. வாய்ப்பாட்டார் அதையும் கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டார், குறை கிடைக்கவில்லை. வந்த முதல் வாரம் டேப்பைத் தலைகீழாகப் பிடித்தான். இரண்டாவது வாரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார் மாமனார். மூன்றாவது மாதம், வெட்டு மேசைக்குக் கீழே கிடந்த நாற்பது சென்டிமீட்டர் மிச்சங்களை அள்ளிக்கொண்டு போய்க் குஷன் உறைகளாகத் தைக்கச் சொன்னான். வாசலில் தொங்கவிட்டதும் விற்றுப்போயின.

"பெரியவரு பதினோரு வருஷமா குப்பைக்கூடையத்தான் நிரப்புனாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் மாமனார். "சின்னவன் வந்துதான் அது குப்பை இல்லேன்னு தெரிஞ்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். வாய்ப்பாட்டாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நெஞ்சில் எங்கோ மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. மிச்சம் இல்லாமல் உறை ஏது? சரியான மடங்கில் வெட்டினதால்தானே மிச்சம்? அதை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னார்.

"உன் தங்கச்சி வீட்டுக்காரன் போக்கே சரியில்ல."

"என்ன பண்ணாரு?"

"சிரிக்கிறான்."

"சிரிச்சா தப்பா?"

"அதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"டேப்பு உங்ககிட்டதானே இருக்கு. அளந்து சொல்லுங்க, நான் தங்கச்சிகிட்ட சொல்லி வெட்டிவிடச் சொல்றேன்" என்றாள் மனைவி. பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை.

இந்தப் புகைச்சல் புகைச்சலாகவே இருந்திருக்கும். மாமனார் பேருந்து நிலையத்தை ஒட்டி இரண்டாவது கடை எடுத்ததும்தான் அது பற்றிக்கொண்டது. ஒரு மாப்பிள்ளையை அங்கே உட்காரவைக்கப் போகிறார். எந்த மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. வாய்ப்பாட்டார் வேலை இருப்பதுபோல் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்வந்தார். காலிக் கூடம், சுண்ணாம்பு வாசனை, கிழக்கே பெரிய ஜன்னல். வெட்டு மேசையை அந்த வெளிச்சத்தில் போட வேண்டும் என்று மனதுக்குள் போட்டும் விட்டார். மேசைக்குப் பின்னால் அவர் நின்றார். எதிரே வாங்க வந்தவர்கள். கல்லா நாற்காலியில் அவருடைய சட்டை தொங்கியது. வேறு யாருடைய சட்டையும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மாவின் ஆர்டர் வந்தது. புதுக் கிளினிக், காத்திருக்கும் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பத்துத் துண்டுகள் சேர்ந்து ஒரே திரையாகத் தொங்க வேண்டும். ஆர்டர் எழுதிக்கொண்டது சின்னவன்தான். பல் டாக்டரே பல்லைப் பார்த்து மயங்கினால் மற்றவர்களைச் சொல்லி என்ன, என்று வாய்ப்பாட்டார் மெஷின் அக்காவிடம் முணுமுணுத்தார். தையல் மெஷினில் இருந்த அந்த அம்மாள் நூலைக் கடித்தபடி, "உங்களுக்கு எரிச்சல்னா தண்ணி குடிங்கண்ணே" என்றாள்.

துணி இளநீலம். கிளை கிளையாகப் பறவைகள். கொழுகொழுவென்று நமக்கு நெஞ்சைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பறவைகள், மார்பில் ஒரு சிவப்புப் பொட்டு. மடிப்பும் தையலும் சேர்த்து இருநூற்று எண்பத்தைந்து நீளம் தேவை. வாய்ப்பாட்டார் பொட்டில் விரலை வைத்தார். அடுத்த வரிசைப் பறவையின் பொட்டுக்கு முப்பத்திரண்டு. வாய் தானாக ஓடியது: முப்பத்திரண்டு, அறுபத்து நாலு, தொண்ணூற்றாறு... இருநூற்று ஐம்பத்தாறு, இருநூற்று எண்பத்தெட்டு. நின்றது. இருநூற்று எண்பத்தெட்டு! வீண் மூன்றே மூன்று சென்டிமீட்டர். குஷன் உறை கிடக்கட்டும், ஒரு கைக்குட்டைக்குக்கூட மிஞ்சாது. இனி எதைத் தைத்து வாசலில் தொங்கவிடுவான் பார்க்கலாம்.

கத்திரியை எடுத்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனார் எதற்கோ குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே கையைத் தூக்கிச் சின்னவன் தோளில் வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது. பதினான்கு வருடத்தில் வாய்ப்பாட்டாரின் தோளுக்கு அந்தக் கை வந்ததில்லை. கத்திரி துணிக்குள் ஓடிக்கொண்டிருந்தது, கண் அந்தக் கையில் இருந்தது. பத்துத் துண்டையும் அப்படித்தான் வெட்டி முடித்தார்.

மறுநாள் காலை மெஷின் அக்கா முதல் இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஊசி குத்தினாள். குத்தியவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இதுங்களுக்குள்ள என்ன தகராறு?"

வந்து பார்த்தார். முதல் துண்டின் மேல் வரிசைப் பறவைகள் எல்லாம் வலப்பக்கம் பார்த்தன. இரண்டாவது துண்டின் மேல் வரிசைப் பறவைகள் எல்லாம் இடப்பக்கம் பார்த்தன. உடம்பு ஒன்று, வால் ஒன்று, பொட்டு ஒன்று. தலை மட்டும் ஒரு வரிசை அந்தப் பக்கம், அடுத்த வரிசை இந்தப் பக்கம். பறவை முப்பத்திரண்டில் திரும்ப வந்துவிடுகிறது. அதன் தலை திரும்ப வர அறுபத்து நாலு ஆகிறது.

வாய் மறுபடி தானாக ஓடியது. அறுபத்து நாலு, நூற்றிருபத்தெட்டு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, இருநூற்று ஐம்பத்தாறு, முந்நூற்றிருபது. இந்த வரிசையில் இருநூற்று எண்பத்தெட்டு எங்கே வருகிறது? அறுபத்து நாலின் மடங்கெல்லாம் முப்பத்திரண்டின் மடங்குதான். முப்பத்திரண்டின் மடங்கெல்லாம் அறுபத்து நாலின் மடங்காகிவிடாது. ஒன்றுவிட்டு ஒன்றுதான் ஆகும். அவர் வெட்டினது ஒன்பதாவது மடங்கு, நடுவில் விடுபடுகிற ஒன்று. போன மாதம்தான் மகளுக்கு நாலின் மடங்கையும் எட்டின் மடங்கையும் எழுதிக்காட்டி இதையே சொல்லிக்கொடுத்தார். மேலே முப்பத்திரண்டை வெட்டிச் சரிசெய்யலாம் என்றால், துண்டில் மிச்சம் இருப்பது அந்தப் பெருமைக்குரிய மூன்று சென்டிமீட்டர். மில்லில் அந்த நீலம் தீர்ந்துவிட்டது. கிளினிக் திறக்க ஒரு வாரம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவன் உள்ளே வந்தான். துணியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான். அப்புறம் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தான். வாய்ப்பாட்டாரை இறுகக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே! எப்படிண்ணே? நீங்க மனுஷனே இல்லண்ணே!"

"என்ன கிண்டலா?"

"ஐயோ, சத்தியமா இல்ல. அக்கா, இப்படியே தைங்க. ஒரு நூல்கூட நகர்த்தாதீங்க."

கிண்டல் இல்லை என்று யார் நம்புவார்? அன்று முழுக்க வாய்ப்பாட்டாருக்கு அந்தக் கட்டிப்பிடிப்பு முதுகில் ஈரச் சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தப்பைக் கண்டுபிடித்தான், அதையே டிசைன் ஆக்கிவிட்டான், அதற்குமேல் அணைத்து ஆறுதலும் சொல்கிறான். நாற்பது சென்டிமீட்டர் மிச்சத்தைக் குஷனாக்கியவன் இப்போது அவரையே ஒரு மிச்சமாக எடுத்துத் தைத்துவிட்டான்.

திரை தொங்கிய அன்று ஏணியின் உச்சியில் கம்பியைப் பிடித்தபடி நின்றார் வாய்ப்பாட்டார். கீழே டாக்டரம்மா கைதட்டினார். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு வரிசைப் பறவைகள் முகத்தோடு முகம் பார்த்தன, அதற்குக் கீழ் வரிசை முதுகு காட்டிக்கொண்டு திரும்பியிருந்தது.

"எங்க வீட்டக் கொண்டுவந்து மாட்டுன மாதிரி இருக்கு!" என்றார் டாக்டரம்மா. "ஒரு நாள் கொஞ்சல், ஒரு நாள் பேச்சே கிடையாது."

மாமனாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "டிசைன்னா இதுதான்டா டிசைன்" என்று சின்னவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"என்னை ஏன் மாமா? வெட்டுனது அண்ணன்" என்றான் சின்னவன்.

பிச்சை, என்று நினைத்தார் ஏணி மேல் இருந்தவர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் டிசைன்காரன். உண்மையைச் சொன்னால், தப்பை மறைத்துக் காப்பாற்றிய நல்லவன். இந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கம் போட்டாலும் விடை அவன் பெயரில்தான் வந்து நின்றது. மூன்று நாள் அதையே கூட்டிக் கழித்துப் பார்த்தார். நான்காவது நாள் கடையின் பின்னறையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமனார் மறுபடியும் அந்தப் பறவைக் கதையை எடுத்தார். புது ஆள் ஒருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், "எங்க சின்னவன் மூளை..." என்று.

"அது டிசைன் இல்ல மாமா" என்றார் வாய்ப்பாட்டார். குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "தப்பு. அறுபத்து நாலுல வெட்டவேண்டியத முப்பத்திரண்டுன்னு நெனச்சு வெட்டுனேன். என் தப்பு. யாரும் டிசைன் பண்ணல. இவன் பண்ணவே இல்ல."

நேர்மை என்று அதைச் சொல்ல முடியாது. தான் முட்டாளாக நின்றாலும் பரவாயில்லை, அவன் கெட்டிக்காரனாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான். சின்னவன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதாவது உறைத்ததே என்று வாய்ப்பாட்டாருக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

"சரி, சாப்பிடுங்க" என்றார் மாமனார்.

அடுத்த வாரம் புதுக்கடைச் சாவியைச் சின்னவனிடம் கொடுத்தார். மனைவி தன் அப்பாவிடம் போய்க் கேட்டாள். வாய்ப்பாட்டார் வாசலில் செருப்பு மாட்டுவதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரரு கைய நான் குறை சொல்லலம்மா. ஆனா கடையில உக்கார்றவன் தப்பை டிசைன்னு சொல்லணும். இவரு டிசைனைத் தப்புன்னு சொல்றாரு. மேசைக்கு அவரு, கல்லாவுக்குச் சின்னவன்."

வாய்ப்பாட்டார் பழைய மேசையிலேயே இருந்தார். புதுக்கடை திறந்த அன்று போனார்; கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் கல்லா இருந்தது. அதன் நாற்காலியில் சின்னவனின் சட்டை. அந்தப் பக்கம் அதற்கப்புறம் போகவில்லை. சின்னவன் வீட்டுக்கு வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வார். அவனும் முன்பு மாதிரி அவரைப் பார்த்து அவ்வளவாகச் சிரிப்பதில்லை. வெற்றி பெற்றவனின் இரக்கம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து டாக்டரம்மா பழைய கடைக்கே வந்தார், வீட்டுக்குத் திரை வேண்டும் என்று. பறவைத் துணிதான் இந்தத் தடவையும். பேச்சுவாக்கில், போன தடவை ஆர்டர் கொடுத்த மறுநாள் காலையே கடைக்கு ஃபோன் பண்ணியதைச் சொன்னார். ஒரு வரிசைப் பறவையெல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் கிளினிக் வரிசை மாதிரி இருக்கும், பக்கத்துத் துண்டோடு ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வெட்ட முடியுமா என்று கேட்டாராம். எடுத்தவர் சின்ன மாப்பிள்ளை.

"பெரியவர்கிட்ட சொல்லிடறேன்னாரு" என்றார் டாக்டரம்மா. "கரெக்டா சொல்லியிருக்காரு. நான் கேட்ட மாதிரியே வெட்டியிருந்தீங்க."

வாய்ப்பாட்டாரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. துணியைப் பார்த்ததும் சின்னவன் முகத்தில் ஈயாடாமல் போன அந்த ஒரு கணமும், அதற்கப்புறம் வந்த கட்டிப்பிடிப்பும் நினைவுக்கு வந்தன.