முதலில் விரலைக் காட்டுங்கள்

மேசைக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து, விளக்குத் திரி போல முறுக்கி, சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கும் வேப் பேனாவின் வாய்க்குழாய்க்குள் விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே எடுக்கிறார் ஷாஹெர். திரியின் நுனி பழுப்பாக நனைந்திருக்கிறது. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். பேனாவுக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நின்றாலும், அவரை விட்டுவிட்டுப் பேனாவிடம்தான் பேசுகிறார்.

"ரெண்டு வாரமா உன்ன ஒருத்தரும் தொடைக்கல, இல்ல?"

சொந்தக்காரர் அசடு வழிவார். ஷாஹெர் கண்டுகொள்ள மாட்டார். பேனாவைத் திருகி இரண்டாகப் பிரித்து, பேட்டரியின் தலையில் ஒட்டியிருக்கும் பிசுக்கைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுப்பார். அழுத்தித் தேய்க்க மாட்டார், அழுந்தினால் அந்தச் சின்னப் பித்தளைப் புள்ளி உள்ளே போய்விடுமாம். கனத்த மனிதர், விரல்களும் தடித்தவை. ஆனாலும் அந்த வேலையின்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார்.

இர்பித் நகரில் பல்கலைக்கழகச் சாலையிலிருந்து பிரியும் சந்தில், ஃபலாஃபில் வடைக் கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவே இருக்கிறது அவர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் ஃபலாஃபில் வரிசையில்தான் நிற்க வேண்டும். இருந்தும், வருகிறவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு ஒரு தனி உற்சாகம். கதவைத் தாண்டியதுமே, "முதல்ல கையக் காட்டுங்க" என்பார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். சிகரெட்டின் மஞ்சள் கறை இருந்தால் உட்கார முக்காலி கிடைக்கும். இல்லையென்றால் வாசல்தான்.

"உன் நெஞ்சு நல்லாத்தான இருக்கு, அத எதுக்கு நோண்டுற? மூலைல மாதுளம் ஜூஸ் போடுறான், போய்க் குடி."

ஒருமுறை, இருபத்திரண்டு வயசு மாணவன் ஒருவன், எவன் சொல்லிக்கொடுத்தானோ, விரலில் மஞ்சள் தூளைத் தேய்த்துக்கொண்டு வந்து நீட்டினான். ஷாஹெர் குனிந்து மோந்து பார்த்தார். "இது மன்ஸஃப் சோறு பிசைஞ்ச கை. சிகரெட் கை இல்ல. போய்க் கழுவிட்டுப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாவி வெட்டுகிறவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருஷம் ஒரு காப்பிக்கடையில் அர்கிலே என்கிற ஹூக்காவுக்குக் கங்கு போட்டுக்கொண்டிருந்தவர் அவர். மேசைக்கு மேசை இடுக்கியோடு நடந்து, அர்கிலேத் தண்ணீரின் களகளப்பைக் கேட்டே எந்தக் கங்கு அணையப் போகிறது என்று சொல்லிவிடுவாராம். கையில் இடுக்கி, வாயில் சிகரெட். ஒருநாள் குளிர்காலத்தில் இருமி இருமித் தட்டோடு கீழே விழுந்தார். அதன் பிறகு வேப் பேனா வந்தது. அதில் நிக்கோடினைப் படிப்படியாகக் குறைத்து, இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. இப்போது பல்லிடுக்கில் ஒரு ஏலக்காய் மட்டும் இருக்கும். வாடிக்கையாளர் யாராவது பேனாவைப் புகழ ஆரம்பித்தால் அந்த ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொல்வார்:

"இதுவும் நல்ல காத்து இல்ல. அதவிடக் கெடுதல் கம்மி, அவ்ளோதான். இதையும் ஒருநாள் என்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டுப் போவணும்."

விற்கிறவர் இப்படிப் பேசினால் கடை எப்படி நடக்கும் என்று மனைவி கேட்காத நாள் இல்லை. நடக்கத்தான் செய்கிறது.

புதிதாகப் பேனா வாங்குகிறவர்களுக்கு அவர் கடையில் குறைந்தது முக்கால் மணி நேரம் போய்விடும். சூடேறும் கம்பிச் சுருளையும் அதைச் சுற்றியிருக்கும் பஞ்சையும் முதலில் காட்டுவார். பஞ்சின் மேல் நான்கைந்து சொட்டுத் திரவத்தைத் தானே விடுவார். பிறகு டேங்கைச் சாய்த்துப் பிடித்து, நடுக்குழாயில் ஒரு சொட்டும் விழாமல் ஓரமாக நிரப்பச் சொல்வார். நிரப்பியதும் கை பரபரக்கும் அல்லவா, அப்போது பேனாவைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மரமியா இலை போட்ட டீயை அவர்கள் முன் நகர்த்துவார். டீ தீரும்வரை பொத்தானைத் தொடக் கூடாது. பஞ்சு ஊறுவதற்குள் அழுத்தினால் கருகிவிடும். கருகின சுருளைக் கழுவினாலும் அந்த நாற்றம் போகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். வந்த கம்பியிலேயே சார்ஜ் போட வேண்டும், தூங்கும்போது போடக் கூடாது. திரவப் புட்டியை வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், கையில் பட்டால் கழுவ வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு, தைரியம் சொல்வதற்காக எல்லோரிடமும் கடைசியாக ஒரு வார்த்தை சொல்வார்: "பயப்படாதீங்க, அர்கிலே மாதிரிதான்."

அந்த ஒரு வார்த்தை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்குத்தான் ஸுஹ்தியின் கதை.

ஸுஹ்தி அறுபதை நெருங்குகிற காய்கறி லாரிக்காரர். விடிந்தால் கோர் பள்ளத்தாக்கில் இறங்கித் தக்காளியும் வெள்ளரியும் ஏற்றிக்கொண்டு இர்பித் சந்தைக்கு மேலேறி வருவார். ஹஜ் போய்வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஹஜ்ஜி. நாற்பது வருஷம் சிகரெட். வீடு நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் மேலே போவார். இப்படியே போனால் அடுத்த வருஷம் இந்தப் படிகள் உங்களுக்கு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஜூலை கடைசியில் ஷாஹெர் கடைக்கு வந்து, கேட்காமலேயே இரண்டு விரலையும் நீட்டினார். தோல் மட்டுமல்ல, நகங்களும் அடிவரை கரும்மஞ்சளாக இருந்தன. ஷாஹெர் முக்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார். அன்றே ஹஜ்ஜி அவரை, மகன் பெயரைச் சேர்த்து, அபு ராகான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வாரத்தில் ஹஜ்ஜி திரும்பி வந்தார். பேனா ஒழுகிச் சட்டையெல்லாம் பிசுபிசுப்பு. "லாரில எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார் ஷாஹெர். முன்கண்ணாடிக்குக் கீழே, வெயிலில். ஆகஸ்டு மாதத்தில் கோர் வெயிலில் இரும்பே வியர்க்கும். அது போதாதென்று, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும்போது டேங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். நிழலில், நிற்கிற மாதிரி வைக்க வேண்டும், ஏறுமுன் காற்றுத் துளையை மூட வேண்டும் என்று சொல்லி, சுத்தம் செய்து, புதுச் சுருள் போட்டு அனுப்பினார்.

நாலே நாளில் மறுபடி வந்தார். மறுபடி அதே வெள்ளம். ஷாஹெர் அதையும் சரிசெய்தார். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது அவருக்கு ரொட்டி இறங்கவில்லை. எங்கே தப்பு என்று புரியவில்லை, புரியாததுதான் அவருக்கு ஆகாது.

மூன்றாம் முறை ஹஜ்ஜி வந்தபோது முக்காலியில் உட்காரவில்லை. பேனாவை மேசையில் வைத்தார். சட்டைப் பையில் ஒரு சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"கோபம் இல்ல அபு ராகான். மூணு வாரம் தம்மு தொடல, வல்லாஹி, சத்தியமா. ஆனா இந்தச் சனியன் நெருப்பு மாதிரி வாய்ல தெறிக்குது. சந்தைல பசங்க சிரிக்கிறாங்க, ஹஜ்ஜி சூப்பு குடிக்கிறார்னு. இன்னிக்கு இது சரியாகலன்னா வெளிய போய் இதப் பிரிச்சிடுவேன்" என்று பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார்.

ஷாஹெர் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தார். இவர் வெளியே போய் ஒன்றைப் பற்றவைத்தால் அதோடு முடிந்தது, இன்னொரு முறை விட மாட்டார். அவருக்கு அது தெரியும், தானே மூன்று முறை விட்டு மூன்று முறை பிடித்தவர் ஆயிற்றே. பேனாவைத் துடைத்தார். சுருளை மாற்றினார். டீ வந்தது, தீர்ந்தது. பிறகு, முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றை அப்போதுதான் செய்தார்.

"ஹஜ்ஜி, என் முன்னாடி ஒரு தடவ இழுங்க. நீங்க எப்பவும் இழுக்கிற மாதிரியே."

ஹஜ்ஜி சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு கையை முழங்காலில் ஊன்றினார். கன்னம் இரண்டும் குழிவிழ, நெஞ்சு நிமிர, நீளமாக இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். பேனாவுக்குள் களகளவென்று சத்தம் கிளம்பியது. அதைக் கேட்டதும் ஹஜ்ஜியின் கண்கள் சொக்கி மூடின. உடனே இருமல் வந்துவிட்டது.

"கேட்டீங்களா?" என்றார் இருமல் அடங்கியதும். "நீங்க சுத்தம் பண்ணிக் குடுத்தா முதல்ல இந்தச் சத்தமே வர மாட்டேங்குது. நான்தான் துளைய மூடி, பலமா இழுத்து இழுத்து வரவழைக்கிறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? களகளன்னாதான சரியா இழுக்குதுன்னு அர்த்தம். நீங்கதான சொன்னீங்க, அர்கிலே மாதிரிதான்னு."

ஷாஹெர் ஏலக்காயைத் துப்பினார். பத்தொன்பது வருஷம் அந்தக் களகளப்பைக் கேட்டுச் சோறு தின்ற மனிதர். அர்கிலேயில் அது நல்ல சகுனம், பேனாவில் சுருள் திரவத்தில் முழுகிவிட்டதன் அடையாளம். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். எதிரே இருப்பவருக்கு அது தெரியாது என்பதுதான் தோன்றவில்லை. எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வராமலே போய்விட்டார்கள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"தப்பு என்னோடது ஹஜ்ஜி. பேனாவோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல. நான் சொன்னத மறந்திடுங்க. இது அர்கிலே இல்ல."

"அப்ப என்ன மாதிரி?"

ஷாஹெர் யோசித்தார். பிறகு எழுந்து போய், கொதிக்கக் கொதிக்க இன்னொரு டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"குடிங்க."

"சுடுதேப்பா."

"சுடச்சுடத்தான். குடிங்க."

ஹஜ்ஜி உதட்டைக் குவித்து, கிளாசின் விளிம்பில் கொஞ்சமாக உறிஞ்சினார். "ஆங், அங்கயே நிறுத்துங்க" என்றார் ஷாஹெர். "அவ்ளோதான். அந்த அளவு. இப்போ அதே வாயால பேனா." காற்றுத் துளையைத் திறந்துவிட்டு, சூட்டையும் ஒரு படி குறைத்துக் கொடுத்தார். ஹஜ்ஜி உறிஞ்சினார். சத்தம் வரவில்லை. சந்தேகத்தோடு பேனாவைப் பார்த்தார், பிறகு மூக்கு வழியாக மெல்லியதாக ஆவி வந்தது. இருமல் வரவில்லை. ஒரு வாய் டீ, ஒரு வாய் பேனா என்று மாறி மாறி அந்தக் கிளாஸ் தீரும்வரை உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் நடக்காத மாதிரியே இருக்கு" என்றார் கடைசியில், குறையாக.

"அப்படித்தான் இருக்கணும்."

பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்க ஷாஹெருக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. பெரிய மனிதரின் சட்டைப் பை, அதில் கைவைக்க நாம் யார் என்று விட்டுவிட்டார். ஹஜ்ஜி அந்தப் பாக்கெட்டோடுதான் சந்து வழியே நடந்தார், ஷாஹெர் வாசலில் நின்று அவர் முனை திரும்பும்வரை பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் பாடத்தில் கடைசி வரி மாறிவிட்டது. "சுடு டீ மாதிரி" என்கிறார். அதோடு, பழைய அர்கிலேக்காரர்கள் யாரென்று கேட்டு வைத்துக்கொண்டு, அவர்களைத் தன் முன்னால் நாலு முறை இழுக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார். முக்கால் மணி நேரம் இப்போது ஒரு மணி நேரமாகிவிட்டது.

ஹஜ்ஜி இடையிடையே சுருள் வாங்க ஆள் அனுப்பினார். நிக்கோடின் அளவு பன்னிரண்டு மில்லிகிராமிலிருந்து ஆறானது, ஆறு மூன்றானது. மார்ச்சில், பச்சை வாதுமை வந்த வாரத்தில், அவரே நேரில் வந்தார். ஒரு பை நிறைய வெள்ளரிக்காயை மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்காமல் பேச ஆரம்பித்தார்.

"மாடிப்படில இப்போ ஒரே தடவதான் நிக்கிறேன். அதுவும் ரெண்டாம் மாடிக்காரி பேச்சுக் குடுக்கிறதால."

"அந்தப் பாக்கெட்?" என்று கேட்டேவிட்டார் ஷாஹெர். ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

"அத ஏன் கேக்குறீங்க. எங்க வீட்டு ஹஜ்ஜா சட்டையோட சேத்து மெஷின்ல போட்டுட்டா. துணியெல்லாம் புகையிலைத் தூள். அது பைல இருந்ததே எனக்கு ஞாபகம் இல்ல, சண்டைதான் போட்டா."

ஷாஹெர் சிரித்தார், சிரிப்பு அடங்கியதும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "காட்டுங்க."

ஹஜ்ஜி இரண்டு விரலையும் விளக்குக்குக் கீழே வைத்தார். தோலில் கறை எப்போதோ போயிருந்தது. நகம் அடியிலிருந்து இளஞ்சிவப்பாக வளர்ந்து ஏறி, நுனியில் மட்டும் பிறைக்கீற்று அளவுக்குப் பழைய மஞ்சள் மிச்சமிருந்தது. ஷாஹெர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, சுருள் டப்பாக்களைத் தள்ளி, நகவெட்டியை எடுத்தார். மேசைக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து விரலுக்கு அடியில் விரித்தார். அந்தத் தடித்த விரல்கள் ஹஜ்ஜியின் விரலைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு வெட்டு என்று இரண்டு சின்னச் சத்தம் கேட்டது.

காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போடப் போனார் அவர்.

"இருங்க அபு ராகான், அதக் குடுங்க" என்றார் ஹஜ்ஜி. "எங்க ஹஜ்ஜா கிட்ட காட்டணும்."

வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் ஒருமுறை தட்டிக்கொண்டார்.